பிளிஸ்டர் மட்டை வடிவமைப்புப் பரீட்சை: திருகோணமலையிலிருந்து ஆயத்தமாகும் மாணவர்களுக்கு

நான் எழுதிய பொதியிடல் வடிவமைப்பு டிப்ளோமாப் பரீட்சையில் பிளிஸ்டர் மட்டை, அதாவது பொருளைப் பிளாஸ்டிக் குமிழுக்குள் வைத்து அச்சிட்ட மட்டையோடு மூடித் தொங்கவிடும் பொதி, மூன்று இடங்களில் வந்தது. எழுத்து வினாத்தாள் காரணங்களைக் கேட்டது. செயன்முறைப் பரீட்சை ஒரு பொருளைக் கையில் தந்து, அதன் பொதியை எங்கே வெட்டி எங்கே மடிப்பது என்று காட்டும் வெட்டுக்கோட்டுப் படத்தையும் கையால் செய்த மாதிரியையும் கேட்டது. வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர்கள் அந்த மாதிரியைப் புரட்டிப் பார்த்து, இந்த அளவு ஏன், இந்தத் துளை ஏன் இங்கே என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். இம்மூன்றிலும் புள்ளி பெற்றுத் தருவது ஒரே வேலைமுறைதான் என்று உறுதியாகச் சொல்வேன். முகப்புப் படத்தைக் கடைசிக்கு வைத்துவிட்டு, பொருளின் அளவிலும் குமிழை மட்டையோடு ஒட்டும் விளிம்பிலும் தொடங்கி வெளிநோக்கி வடிவமைக்க வேண்டும். கணினியில் அழகான முகப்பை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் பொருளுக்கு இடம் தேடும் மாணவர், ஏன் என்ற முதற் கேள்வியிலேயே தடுமாறுவார்.

திருகோணமலையிலிருந்து படிப்பவருக்கு ஒட்டும் இயந்திரத்தின் அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. ஆனால் கடைகளில் தொங்கும் பொருள்கள் எல்லோருக்கும் பொது. பற்றூரிகை, பற்றரி, சவர அலகு, பசைக்குழாய், மின்விளக்கு என்று பிளிஸ்டர் மட்டையில் வரும் சாமான்களை வீட்டுத் தேவைக்கு வாங்கும்போது, பொதியைக் கிழித்து எறியாமல் நிதானமாகப் பிரித்து அளந்து வையுங்கள். நான் ஒப்படைக்காகத் தெரிவு செய்த பொருள், பாரைக்கும் அறுக்குளாவுக்கும் எறியும் மீன் வடிவப் போலி இரை. கடலோரத்தில் வாழும் நமக்கு அது கைக்குப் பழகிய பொருள். அதோடு கூரிய முட்கள், ஒரு பக்கத்துக்குச் சாயும் எடை, உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இயல்பு என்று வடிவமைப்பாளர் விடை காண வேண்டிய எல்லாச் சிக்கல்களும் அதில் உண்டு. உங்கள் பொருளையும் இப்படித் தெரிவு செய்யுங்கள். சிக்கல் இல்லாத பொருளில் காட்டுவதற்குத் திறமையும் இருக்காது.

வகைகளை நீட்டி எழுதத் தேவையில்லை. குமிழின் விளிம்பை மட்டையின் அச்சிட்ட முகத்தில் நேரடியாக ஒட்டுவது ஒரு வகை. துளையிட்ட முன் மட்டைக்கும் பின் மட்டைக்கும் இடையே விளிம்பைச் சிறைப்பிடிப்பது இன்னொரு வகை. மட்டையே இல்லாமல் இரண்டு பிளாஸ்டிக் ஓடுகள் மூடிக்கொள்வது மூன்றாவது. பிளாஸ்டிக்கை முற்றாக நீக்கி, மட்டையை மடித்தோ காகிதக்கூழை வார்த்தோ செய்வது அண்மைக்காலத்தில் பரவிவரும் நான்காவது. வினாத்தாள் பெரும்பாலும் முதல் இரண்டையும் ஒப்பிடச் சொல்லும்.

அளவெடுப்பில் வேர்னியர் இடுக்கிமானி கட்டாயம். பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அதன் மிகப் பெரிய புள்ளிகளில் அளந்து, குமிழுக்குள் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை இடைவெளி விடலாம். அதற்குமேல் விட்டால் பொருள் உள்ளே ஆடும். ஆடும் முள் குமிழைக் குத்தும். குமிழின் சுவர்கள் நிமிர்ந்து நிற்காமல் வழக்கமாக 3 முதல் 5 பாகை வரை சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடாக்கி வார்த்த பிளாஸ்டிக் தாள் அச்சிலிருந்து கழன்று வராது. மூலைகளை வளைவாக வைப்பதற்கும் காரணம் எழுதுங்கள். சூடான தாள் ஆழத்துக்கு இழுபடும்போது கடைசியாகப் போய்ச் சேரும் மூலையில்தான் அது மிகவும் மெலிகிறது. கூர்மூலை என்றால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

குமிழைச் சுற்றிய ஒட்டும் விளிம்புக்கு 6 மில்லிமீற்றரும், அந்த விளிம்புக்கும் மட்டையின் ஓரத்துக்கும் இடையே 3 மில்லிமீற்றரும் ஒதுக்குவது நல்ல தொடக்கம். 90 மில்லிமீற்றர் அகல மட்டையில் இருபுறமும் சேர்த்து இதற்கே 18 போய்விடும். குமிழுக்கு மிஞ்சுவது 72. இந்தக் கழித்தலை விடைத்தாளின் ஓரத்தில் தெரியும்படி எழுதுங்கள். பரீட்சகர் தேடுவது அதைத்தான்.

ஒட்டுதல் பற்றிய வினாவில் வெப்பநிலை, அழுத்தம், நேரம் என்று மூன்று சொற்களோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். அதற்கு அடுத்த படியில்தான் புள்ளி இருக்கிறது. வெப்பத் தட்டு வழக்கமாக மட்டையின் பின்புறத்திலிருந்து அழுத்துகிறது. முன்னிருந்து அழுத்தினால் குமிழ் உருக்குலையும். ஆகவே வெப்பம் மட்டையின் முழுத் தடிப்பையும் கடந்துதான் முன்முகத்திலுள்ள ஒட்டுப் பூச்சை இளக்குகிறது. மட்டை தடிப்பாகத் தடிப்பாக நேரமும் கூடும், உற்பத்தி வேகமும் குறையும். இத்தகைய மட்டைகள் பொதுவாக 18 முதல் 24 பொயின்ற் தடிப்பில் வருகின்றன. ஒரு பொயின்ற் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால் 18 பொயின்ற் ஏறத்தாழ 0.46 மில்லிமீற்றர், 24 பொயின்ற் ஏறத்தாழ 0.61 மில்லிமீற்றர். ஒட்டுப் பூச்சுக்குக் கீழே வரும் மையில் மெழுகு இருக்கக்கூடாது, ஏனெனில் மெழுகு பூச்சைப் பிடிக்க விடாது. ஒட்டின் தரத்தைச் சோதிக்கும் முறை மிக எளிது. ஒட்டி ஆறிய குமிழைக் கையால் பிய்க்கும்போது அதன் விளிம்போடு மட்டையின் இழைகளும் கிழிந்து வந்தால் ஒட்டு நன்று. இழை வராமல் மை மட்டும் உரிந்து வந்தால் குறை மைக்கும் மட்டைக்கும் இடையிலுள்ள பிடிப்பில் இருக்கிறது. மையும் வராமல் வழுவழுப்பாகக் கழன்றால் பூச்சிலோ வெப்பத்திலோ இருக்கிறது. வாங்கிய பொதிகளை வீட்டில் பிய்த்துப் பார்த்து, கிழிந்த மட்டைகளைக் கோப்பில் ஒட்டிக் குறிப்பெழுதி வைத்தால், வாய்மொழிப் பரீட்சையில் அந்தக் கோப்பே உங்களுக்காகப் பேசும்.

இழைத் திசையை நான் மிகவும் வலியுறுத்துவேன். திருகோணமலையில் வாழ்பவர் அதை மற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ள முடியும். மட்டை செய்யும் இயந்திரத்தில் கூழ் ஓடும் திசையிலேயே இழைகள் பெரும்பாலும் படுக்கின்றன. அந்தத் திசையில் மட்டை விறைப்பாக இருக்கும், எளிதாகவும் கிழியும். குறுக்குத் திசையில் விறைப்புக் குறையும். ஈரம் பட்டால் விரிவதும் அந்தத் திசையில்தான் அதிகம். பிளிஸ்டர் மட்டையின் முன்புறம் மையாலும் பூச்சாலும் மூடப்பட்டிருக்க, பின்புறம் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. வாடைக்கால மழையில் திறந்த பின்புறம் ஈரத்தை உறிஞ்சி விரிய, மட்டை முன்னோக்கி வளையும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அதே பின்புறம் சுருங்க, ஓரங்கள் பின்னோக்கித் திரும்பும். அச்சிட்ட மட்டைத்துண்டுகளைச் சன்னலோரத்தில் தொங்கவிட்டு இரு பருவங்களிலும் கவனித்தால், பாடநூலில் இரண்டு வரியில் முடிந்துவிடும் செய்தி கண்முன்னே நடப்பதைக் காணலாம்.

திசையைக் கண்டுபிடிக்கும் சோதனை செயன்முறையில் கட்டாயம் கேட்கப்படும் என்று எண்ணியே பயிலுங்கள். ஒரே நீள அகலத்தில் இரண்டு கீற்றுகளை, ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் வெட்டி, இரண்டையும் சேர்த்து ஒரு நுனியில் பிடியுங்கள். அதிகமாகத் தொய்வது இழைக்குக் குறுக்கே வெட்டிய கீற்று. மேற்புறத்தில் மடிந்து முன்னும் பின்னும் மூடும் இரட்டை மட்டைக்கு இழை கிடையாக ஓடுவதே சரி என்பது என் முடிவு. மடிப்புக்கோடு இழையோடு இணையாகச் செல்வதால் மடிப்பில் மை வெடிப்பது குறையும். தொங்கு துளையிலிருந்து மேல்நோக்கிக் கிழியும் கிழிசலும் இழைக்குக் குறுக்கே செல்ல வேண்டியிருப்பதால் இலகுவில் நேராது. ஒரே தெரிவு இரண்டு பயன்களைத் தருவதை எடுத்துச் சொல்லும் விடை தனித்துத் தெரியும்.

இங்கேயே தாள் கணக்கையும் இணைத்துப் பயில வேண்டும். 90க்கு 150 மில்லிமீற்றர் அளவுள்ள ஒற்றை மட்டையை, 25க்கு 36 அங்குலத் தாளில், அதாவது 635க்கு 914 மில்லிமீற்றரில் அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். தாளின் இழை நீளப் பக்கத்தோடு ஓடுகிறது. அச்சியந்திரம் தாளைப் பிடிக்க 12 மில்லிமீற்றரும் பக்க ஓரங்களுக்கு 10 மில்லிமீற்றரும் கழித்தால், எஞ்சும் பரப்பு 623க்கு 904. வெட்டு சற்று விலகினாலும் வெள்ளை தெரியாதபடி மட்டையின் நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் மிகை அச்சுச் சேர்த்தால் 96க்கு 156. மட்டையில் இழை கிடையாக வர, 904இல் 96 ஒன்பது தடவையும், 623இல் 156 மூன்று தடவையும் அடங்கும், மொத்தம் 27. மட்டையைத் திருப்பிப் போட்டால் 30 கிடைக்கும், ஆனால் இழை தவறிவிடும். இப்போது உயரத்தை 144 ஆகக் குறைத்துப் பாருங்கள். மிகையோடு 150 ஆகும் அந்த உயரம் 623இல் நான்கு தடவை அடங்க, இழை சரியாக இருக்கும்போதே 36 மட்டைகள் வந்துவிடுகின்றன. வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத 6 மில்லிமீற்றர், ஒவ்வொரு தாளிலும் மூன்றிலொரு பங்கு அதிக மட்டைகளைத் தருகிறது. செலவைக் குறைக்க என்ன செய்வீர்கள் என்ற வினாவுக்கு, மலிவான மட்டை வாங்குவேன் என்று எழுதுவதைவிட இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது எவ்வளவோ மேல்.

தொங்கு துளையின் இடத்தைப் பொருளின் எடைமையம் தீர்மானிக்க வேண்டும். போலி இரை தலைப்பக்கம் கனமானது. அதைக் கிடையாக வைத்தால், துளை மட்டையின் நடுவில் இருந்தாலும் மட்டை ஒருபுறம் சாயும். நூலில் பொருளைக் கட்டி, சமநிலையில் நிற்கும் இடத்தைக் குறித்து, அந்தக் கோடு துளையின் நடுவுக்கு நேர் கீழே வருமாறு குமிழை நகர்த்துங்கள், அல்லது இரையை நிமிர்த்தி வையுங்கள். ஆழமான குமிழ் இன்னொன்றையும் செய்யும். எடை மட்டைக்கு முன்னால் இருப்பதால் அடிப்பகுதி பின்னோக்கிச் சென்று, முகப்பு நிலத்தைப் பார்க்கும். ஆழத்தைக் கூட்டுவதா அகலத்தைக் கூட்டுவதா என்ற தெரிவில் இதையும் எடைபோட வேண்டும்.

துருவைப் பற்றியும் தெளிவு வேண்டும். மட்டை ஈரத்தைக் கடத்தும் பொருள்; குமிழ் நன்றாக ஒட்டியிருந்தாலும் பொதி காற்றுப்புகாததாகிவிடாது. முள்ளுக்கு எண்ணெய் பூசினால் அந்த எண்ணெயே மட்டையில் ஊறிக் கறையாகும். ஆகவே பொருளுக்கும் மட்டைக்கும் இடையே ஒரு தடுப்புத் தாளோ, துருத் தடுப்புத் தாளோ வைக்குமாறு பரிந்துரைத்து, அதற்கான தடிப்பையும் குமிழின் ஆழத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளுக்கு இப்போதுதான் வருகிறோம். நம் சந்தைக்கான முகப்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இடம் கேட்கும். தமிழ் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் வருவதால், ஆங்கில வரிக்கு விட்ட இடைவெளியை அப்படியே விட்டால் வரிகள் மோதும். சிறிய எழுத்தை நான்கு நிற அச்சில் நிறப் பின்னணிக்குள் வெளுப்பாக விட்டால், நிறங்கள் சற்று விலகினாலும் ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோகும். சிறு எழுத்துக்கு ஒற்றை நிறமே பாதுகாப்பு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். அதிகபட்ச சில்லறை விலை, தொகுதி இலக்கம் ஆகியவற்றைப் பின்னர் பொறிப்பதற்குப் பூச்சில்லாத ஒரு கட்டத்தை ஒதுக்கிவைப்பது நல்லது.

பார்கோட் பற்றி இரண்டு மூன்று எண்களை மனதில் வைத்திருந்தால் போதும். கடைப் பொருள்களில் வரும் 13 இலக்கப் பார்கோடான ஈ.ஏ.என்-13 குறியீட்டின் இயல்பான அளவு இருபுற வெற்றிடங்களோடு சேர்த்து 37.29க்கு 25.93 மில்லிமீற்றர், அதை 80 வீதம்வரை சுருக்கலாம், 200 வீதம்வரை பெருக்கலாம். இலங்கையில் பதிவு செய்யும் நிறுவனங்களின் எண் 479இல் தொடங்கும். வாசிக்கும் கருவி வழக்கமாகச் சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால் சிவப்புக் கோடுகள் அதற்குத் தெரியாது. வெப்பத் தட்டு பின்புறத்தில் குமிழின் வடிவிலேயே வளையத் தடம் பதிக்கக்கூடும் என்பதால், பார்கோடை அந்த வளையத்துக்கு உள்ளேயோ வெளியேயோ முழுமையாக வையுங்கள். நமது 72 மில்லிமீற்றர் குமிழின் பின்னால் அது தாராளமாக அடங்கும்.

சூழல் பற்றிய வினாவில் உணர்ச்சிப் பேச்சுக்கு இடமில்லை. நேரடியாக ஒட்டிய குமிழை மட்டையிலிருந்து சுத்தமாகப் பிரிக்க முடியாது; இரட்டை மட்டைக்குள் சிறைப்பிடித்த குமிழை வீட்டிலேயே கிழித்துப் பிரிக்கலாம், அதற்கு பி.வி.சி. பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பெட் (PET) என்னும் பிளாஸ்டிக் தாளையும் எளிதாகப் பயன்படுத்தலாம். ஆனால் மட்டை இரு மடங்கு செல்லும். இந்த இலாப நட்டத்தைச் சொல்லிவிட்டு, உங்கள் பொருளுக்கு எது தகும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். போலி இரைக்கு நான் இரட்டை மட்டையைத் தெரிவு செய்தேன்; முள் விளிம்பை நெம்பினாலும் அது பிரியாது என்பதே முதற் காரணமாக இருந்தது.

இலங்கைப் பொதியிடல் நிறுவகம் நடத்தும் லங்கா ஸ்டார் போட்டியில் மாணவர்களுக்கும் பிரிவு உண்டு. அதற்கென ஒரு வடிவமைப்பை ஆயத்தம் செய்வது வாய்மொழிப் பரீட்சைக்கு நல்ல பயிற்சி. பரீட்சைக்குப் போகும்போது இடுக்கிமானி, உருக்கு அடிமட்டம், புதிய அலகுள்ள கத்தி, மடிப்பு அழுத்தும் மழுங்கிய கருவி, இருபக்க ஒட்டுத்தாள், நூல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மாதிரியை வெட்டுவதற்கு முன் இழைத் திசையை மட்டையின் பின்புறத்தில் அம்புக்குறியால் காட்டி, குமிழின் இடைவெளி, விளிம்பு, ஓரம் மூன்றின் அளவுகளையும் அதனருகே பென்சிலால் எழுதிவிடுங்கள்.