புக்கில் இருந்தால் மார்க், நெட்டில் இருந்தால் தப்பா?

நீர் மாசுபாடு பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தேன். திருத்திக்கொண்டே போகையில் ஒரு பையனின் தாளில், மூன்றாவது பத்தியில், வாக்கியத்தின் கடைசியில் [4] என்று இருந்தது. விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்பு எண். கையால் எழுதிய கட்டுரை அது, அந்த அடைப்புக்குறியைக்கூட விடாமல் நீல மையில் அழகாகப் போட்டிருந்தான்.

கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் பயமில்லை. "நெட்லேர்ந்துதான் மிஸ் எடுத்தேன், ஆனா நானேதான் எழுதினேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு" என்றான். பொய் சொல்லவில்லை அவன். கை வலிக்க எழுதுவதுதான் அவனுக்கு உழைப்பு, எழுதியது யாருடைய யோசனை என்ற கேள்வியே அவனுக்கு வந்ததில்லை.

சரி என்று வகுப்பிலேயே பேச்சை எடுத்தேன். பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்ப்பது தப்பு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தோழியின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவது? "கேட்டுட்டுத்தானே எடுத்தோம்." இணையத்தில் இருப்பது? "எல்லாருக்கும்தானே போட்டிருக்காங்க." அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "புக்ல இருக்கறத அப்படியே எழுதினா முழு மார்க் குடுக்கறீங்க, நெட்ல இருக்கறத எழுதினா மட்டும் ஏன் மிஸ் தப்பு?"

எனக்குப் பதில் வரவில்லை. வரையறையைச் சொந்த வார்த்தையில் எழுதிய பிள்ளைக்கு அரை மார்க் குறைத்ததும் இதே கைதானே. வார்த்தை மாறாமல் ஒப்பிக்கச் சொல்லி வருஷக்கணக்காகப் பழக்கிவிட்டு, திடீரென்று ஒருநாள் அதைத் திருட்டு என்றால் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள் சிலர். டர்னிட்டின் போன்றவை ஒரு எழுத்து வேறு எதனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்றுதான் காட்டும், அது திருட்டா, முறையாகக் கொடுத்த மேற்கோளா என்பதை ஆசிரியர்தான் படித்துப் பார்க்க வேண்டும். கேட்டதைப் புதிதாக எழுதித் தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு ஒத்துப்பார்க்க மூலமே இருப்பதில்லை. எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கருவியையே, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அவர்களே விலக்கிக்கொண்டார்கள்.

அதனால் இப்போது கட்டுரையை வகுப்பிலேயே எழுத வைக்கிறேன். முதலில் படிக்கட்டும், எங்கிருந்து வேண்டுமானாலும். பிறகு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவனுக்கு வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பேனா. எங்கே படித்தாய் என்று அடியில் எழுதினால் அதற்குத் தனியாக 2 மார்க். நேரம் ரொம்பவே பிடிக்கிறது, பாடம் பின்தங்குகிறது, ஆனாலும் இதை விடுவதாக இல்லை.

அந்தப் பையன் மறுபடி எழுதினான். முன்பு மூன்று பக்கம், இந்த முறை அரைப் பக்கம்தான், நிறைய எழுத்துப்பிழை. அடியில் குட்டியாக ஒரு வரி: "முதல் ரெண்டு வரி விக்கிப்பீடியா. மீதி நான்."