இடித்த கப்பல் ஒன்று, முதலில் பணம் கட்டுவது இன்னொன்று

2024 ஜூன் 14, சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையம். கட்டுப்பாட்டை இழந்த 'வாக்ஸ் மாக்சிமா' என்ற தூர்வாரும் கப்பல், சும்மா நின்றிருந்த 'மரீன் ஹானர்' என்ற எண்ணெய்க் கப்பல் மீது மோதியது. 'மரீன் ஹானர்' கப்பலிலிருந்து சுமார் 400 டன் எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா தீவின் கடற்கரை மணலில் தார் போல ஒட்டிக்கிடந்ததை அள்ளி அள்ளி மூட்டை கட்டினார்கள் தொழிலாளர்கள். பார்க்கவே வயிறு எரிந்தது.

சரி, பணம் யார் கட்டுவது? இடித்த கப்பல் என்றுதான் நினைப்போம். சட்டப்படி முதல் பொறுப்பு எண்ணெய் சிந்திய கப்பலின் உரிமையாளருக்கே. அவர்மேல் தவறு இருக்கிறதா என்றே கேட்பதில்லை. கொடுத்துவிட்டு, இடித்தவரிடம் அவர் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். அவருடைய பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் 1992ஆம் ஆண்டு அனைத்துலக இழப்பீட்டு நிதி கைகொடுக்கும். அந்த நிதிக்குப் பணம் போடுவது கடல்வழி எண்ணெய் பெறும் நிறுவனங்கள்.

எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது. கப்பல்காரர்கள் ஒருவரை ஒருவர் கை காட்டி முடிப்பதற்குள் கடற்கரைக் கடைக்காரரும் மீன் வளர்ப்பவரும் நொடித்துப் போவார்கள். 1967இல் இங்கிலாந்து அருகே 'டோரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டிய பிறகுதான் உலகம் இப்படி யோசிக்கத் தொடங்கியது.

அப்புறம் ஒன்று: சேதம் நேர்ந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் இழப்பீட்டு உரிமை போய்விடும். தெரிந்தவர் யாராவது பாதிக்கப்பட்டிருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.