பேனாக்காரர் டைக்ஸ்ட்ரா

கரும்பலகையில் ஆறு வட்டம் போடுவேன். வட்டங்களுக்கு நடுவே கோடுகள், கோடுகளின் மேல் எண்கள். முதல் வட்டத்திலிருந்து கடைசி வட்டத்துக்குக் குறைந்த தூரம் எது? பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்த காலம் முழுக்க வருஷம் தவறாமல் இந்தப் படத்தைப் போட்டிருக்கிறேன். 16 மார்க் கேள்வி, கட்டாயம் வரும் என்று சொன்னால் கடைசி பெஞ்சும் நோட்டை எடுத்துவிடும். இதற்கு வழி கண்டுபிடித்தவரின் பெயர்தான் யார் வாயிலும் நுழையாது. ஆங்கிலத்தில் Dijkstra. டிஜிக்ஸ்ட்ரா என்பார்கள், டிஜ்கஸ்ட்ரா என்பார்கள். ஒரு பையன் விடைத்தாளில் 'டி.ஜே. கஸ்ட்ரா' என்றே எழுதியிருந்தான். ஆள் கம்ப்யூட்டர் விஞ்ஞானி, டச்சுக்காரர். டைக்ஸ்ட்ரா என்று சொல்ல வேண்டும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இதை அவர் எந்த கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சார்?" அந்தக் காலத்துல இருந்த ஏதோ பெரிய மெஷின்லதான் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். தப்பான பதில். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் அவர் பெயரைச் சொல்லிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன், ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாமல்.

1956-இல், 26 வயதில், ஆம்ஸ்டர்டாமில் தனக்கு நிச்சயமான பெண்ணோடு கடைத்தெரு சுற்றியிருக்கிறார். கால் வலித்ததும் இரண்டு பேரும் ஒரு காபிக்கடை வாசலில் உட்கார்ந்தார்கள். அங்கே காபி குடித்தபடி சுமார் 20 நிமிடத்தில் யோசித்து முடித்ததுதான் நான் கரும்பலகையில் போட்ட அந்த வழிமுறை. பேப்பர் இல்லை, பென்சில் இல்லை. கையில் எதுவும் இல்லாததால்தான் தேவையில்லாத சிக்கலை எல்லாம் தவிர்க்க வேண்டியிருந்தது, அதனால்தான் அது அவ்வளவு எளிமையாக வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். (அந்த 20 நிமிடமும் அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் எழுதவில்லை. நான் தேடிய முதல் விஷயம் அதுதான்.)

அந்த யோசனைக்குக் காரணம், ஆர்மாக் என்ற புது கம்ப்யூட்டரைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்குப் புரிகிற கேள்வியாக இருக்க வேண்டும் என்று, நெதர்லாந்தின் 64 ஊர்களை எடுத்துக்கொண்டு, ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கு வழி எது என்று வைத்தார்கள். ஏன் 64? ஓர் ஊரைக் குறிக்க 6 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்; ஆறு சேர்ந்தால் 64 விதம்) போதும், அதனால். கட்டுரையாக வெளிவந்தது 1959-இல். மூன்றே பக்கம்.

காபிக்கடைக்கு அடுத்த வருஷம், 1957-இல், அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். பதிவுப் படிவத்தில் தொழில் என்ன என்று கேட்டதற்கு 'ப்ரோகிராமர்' என்றிருக்கிறார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சி மறுத்துவிட்டது. கடைசியில் கல்யாணப் பத்திரத்தில் பதிவானது 'கோட்பாட்டு இயற்பியலாளர்'. முழுப் பொய் என்று சொல்ல முடியாது, லைடன் பல்கலைக்கழகத்தில் படித்தது அதுதான். ஆனால் 1951-இலேயே கேம்பிரிட்ஜ் போய் மூன்று வாரம் ப்ரோகிராமிங் கற்று, 1952 முதல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் அந்த வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார். இயற்பியலா, இதுவா என்று குழம்பியபோது, மையத்தில் இருந்த வான் வைங்கார்டனிடம் போய், இதை மதிப்பான துறை என்று சொல்லவே முடியாதே என்று புலம்பியிருக்கிறார். அதை மதிப்பான துறையாக்குகிற ஆட்களில் ஒருவனாக நீயே ஏன் இருக்கக் கூடாது என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. 1962-இல் ஐந்தோவனில் கணிதப் பேராசிரியர். ஒரே நேரத்தில் ஓடும் ப்ரோகிராம்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும் செமஃபோர் உத்தி. ப்ரோகிராமில் வேறொரு இடத்துக்குத் தாவச் சொல்லும் 'கோ டூ' கட்டளை கூடாது என்று 1968-இல் எழுதிய கடிதம் (தலைப்பு அவர் வைத்ததல்ல, பத்திரிகையில் ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த் மாற்றியது). 1972-இல் கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது.

ஆள் வாய் கொஞ்சம் நீளம். கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழி மூளையை முடமாக்கும், அதைச் சொல்லிக்கொடுப்பதைக் குற்றமாகவே கருத வேண்டும் என்று 1975-இல் எழுதியிருக்கிறார். நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இரண்டு வருஷம் கோபால் சொல்லிக்கொடுத்தவள். "எப்பப் பாரு கோபால் கோபால்ங்கறியே, யாருடி அவன்?" என்று அம்மா விசாரித்ததைத் தவிர வேறு எந்தப் பாதிப்பும் இல்லை. அந்த மொழியை வைத்துத்தான் என் மாணவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போனார்கள். இந்த விஷயத்தில் டைக்ஸ்ட்ராவோடு எனக்கு ஒத்துவராது.

எனக்குப் பிடித்தது அவர் கையெழுத்து. பேனாவால் எழுதி, நகல் எடுத்து, நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவார். கிடைத்தவர்கள் இன்னும் சிலருக்கு அனுப்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் தன் பெயரின் (எட்ஸ்கர் வீபே டைக்ஸ்ட்ரா) முதலெழுத்துகளைப் போட்டு ஒரு எண்: ஈ.டபிள்யூ.டி. இத்தனை. 1300-க்கு மேல் இருக்கிறது. 1984-இல் அமெரிக்காவில் ஆஸ்டினுக்குப் போய் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1999 வரை பேராசிரியராக இருந்தபோதும் இந்தப் பழக்கம் விடவில்லை. கம்ப்யூட்டர் வாங்கியதே ரொம்பப் பிந்தித்தான், அதுவும் பெரும்பாலும் மெயில் பார்க்க.

அவற்றில் 831 என்று எண் போட்ட தாளை அச்செடுத்து வைத்திருக்கிறேன். 1982 ஆகஸ்ட் 11, நூனன் என்ற ஊரில் அவர் வீட்டிலிருந்து எழுதியது. எண்ணிக்கையை ஏன் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் விஷயம். 2 முதல் 12 வரை என்பதை நாலு விதமாக எழுதலாம்; 2-ஐச் சேர்த்து 13-ஐச் சேர்க்காமல் எழுதுவதுதான் நல்லது, ஓர் எல்லையிலிருந்து இன்னொன்றைக் கழித்தாலே எத்தனை எண் என்று வந்துவிடும், 13-இல் 2 போனால் 11; பூஜ்ஜியத்தில் தொடங்கினால் மேல் எல்லையே எண்ணிக்கை, என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எழுத்து அச்சுக்கோத்த மாதிரி இருக்கிறது. வகுப்பில் 'அரே (எண் போட்ட வரிசை) ஜீரோவிலதான் ஆரம்பிக்கும், அப்படித்தான்' என்று நான் முடித்துவிட்ட விஷயத்துக்கு இவர் இவ்வளவு பொறுமையாகக் காரணம் சொல்கிறார்.

அதே தாளில் போகிற போக்கில் ஒரு சங்கதி வருகிறது. எழுதி முடித்ததும் கடைசியில் 'இத்துடன் முடிகிறது' என்று போடுவதையும் சீண்டல் என்று நினைக்கிறார்களாம். ஆனால் அதற்குப் பயன் உண்டு என்கிறார். கேள்விகள் முதல் பக்கத்தின் அடியோடு முடிந்துவிட்டதாக நினைத்து, ஒரு தேர்வில் கிட்டத்தட்டத் தோற்றேபோன ஒரு மாணவரை அவருக்குத் தெரியுமாம்.

படித்ததும் எனக்கு மூன்றாவது செமஸ்டர் ஞாபகம் வந்தது. வினாத்தாளின் பின்பக்கத்தில் இரண்டு 16 மார்க் கேள்வி இருந்தது. நான் தாளைத் திருப்பவே இல்லை. அரை மணி நேரம் முன்னாலேயே எழுந்து, பெருமையாக ஹாலை விட்டு வெளியே வந்தேன். வாசலில் தோழி "பின்னாடி அந்த கிராஃப் கணக்கு போட்டியா?" என்று கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது இப்போதும் நினைவிருக்கிறது.

வேலையில் இருந்த கடைசி இரண்டு செமஸ்டரும் என் இன்டர்னல் டெஸ்ட் வினாத்தாள் எல்லாவற்றின் அடியிலும் 'முற்றும்' என்று தமிழில் போட்டேன். மேற்பார்வைக்கு வந்த சக ஆசிரியர் "என்ன மேடம், தொடர்கதையா?" என்று சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பையன் தன் விடைத்தாளின் கடைசி வரிக்குக் கீழே 'முற்றும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டுத் தந்தான். கணக்கு தப்பு. ஆனாலும் அதற்கு ஒரு மார்க் போட்டேன்.