ஹூஸ் போட்டதற்கு மதிப்பெண் போச்சு, பிறகு வந்தது

ஆங்கிலத்தில் ஹூ, விச், தட் போன்ற ரிலேட்டிவ் ப்ரோநவுன்களின் விதிகளை ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டதாகச் சொல்லி யாராவது குறிப்புத்தாள் நீட்டினால் உஷாராக இருங்கள். நான் சேர்ந்த இணைய வகுப்பில் அப்படி ஒன்று தந்தார்கள். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. 'விச்சுக்கு முன்னால் கட்டாயம் கமா' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்களே, வம்பே அங்கேதான்.

'தி ரிப்போர்ட் விச் ஐ சென்ட் யெஸ்டர்டே' என்று கமா இல்லாமல் எழுதினேன். சிவப்புக் கோடு விழுந்தது. ஏன் என்று கேட்டால் "ரூல் அப்படித்தான்" என்று பதில். தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கமா இல்லாத இடத்துக்குத் தட், கமா வரும் இடத்துக்கு விச் என்று பிரித்துக்கொண்டால் தெளிவாக இருக்கும் என்று, ஆங்கிலச் சொல்வழக்கு பற்றிய கையேட்டில் 1926-ல் ஃபவுலர் சொன்னது ஒரு யோசனைதான். பெரும்பாலான எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கமா இல்லாத விச் சர்வ சாதாரணம். நீங்கள் எழுதப்போகும் தேர்வு இதில் எந்தப் பக்கம் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கமாவைத் தீர்மானிப்பது விச் அல்ல, அர்த்தம். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் அப்ராட்' என்று கமா இல்லாமல் எழுதினால், பல சகோதரர்களில் வெளிநாட்டில் இருப்பவர். ஹூவுக்கு முன்னால் ஒன்று, அப்ராடுக்குப் பின்னால் ஒன்று என்று கமா போட்டால், இருப்பதே ஒரு சகோதரர், அவர் வெளிநாட்டில் என்பது கூடுதல் தகவல். தமிழில் 'வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன்' இரண்டுக்கும் பொருந்திவிடுவதால் நமக்கு இந்தக் கேள்வியே எழாது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு நொடி நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். கூடுதல் தகவல் என்றால் தட் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சண்டை ஹூஸ். 'எ சேர் ஹூஸ் லெக் இஸ் ப்ரோக்கன்' என்றதற்கு, உயிரற்ற பொருளுக்கு ஹூஸ் வராது என்று மதிப்பெண்ணைக் கழித்துவிட்டார்கள். தாராளமாக வரும், நூற்றாண்டுகளாக வந்துகொண்டுதான் இருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பினேன்; குறிப்புத்தாளையே திரும்ப அனுப்பி வைத்தார்கள்! அகராதிப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்த பிறகுதான் மதிப்பெண் திரும்பி வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி? அதெல்லாம் இல்லை.

வகுப்பில் சொல்லாத, எனக்குக் கைகொடுத்த உத்தி ஒன்று உண்டு. 'தி புக் விச் ஐ பாட் இட்' என்று கடைசியில் ஒரு இட் ஒட்டிக்கொள்ளும் தொல்லை நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்தத் துண்டைப் பெயரெச்சமாக்கிப் பாருங்கள்: 'நான் வாங்கிய புத்தகம்'. 'நான் அதை வாங்கிய புத்தகம்' என்று நாம் சொல்வதில்லையே? தமிழில் 'அதை' இடிக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் இட்டும் இடிக்கும்.

ப்ரோநவுனையே விடலாமா என்ற குழப்பத்துக்கு, அதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். எழுவாய் வந்தால் விடலாம்: 'தி புக் ஐ பாட்'. நேரே வினைச்சொல் வந்தால் விடக்கூடாது: 'தி மேன் ஹூ கேம்'. கமாவுக்குள் இருக்கும் துண்டில் எப்போதுமே விடாதீர்கள்.

ஹூமுக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். டு, வித், ஃப்ரம் போன்றவை ஒட்டி முன்னால் நின்றால் மட்டும் ஹூம் கட்டாயம். 'டு ஹூ' என்று எழுதினால் கண்டிப்பாக வெட்டுவார்கள். அதே இடத்தில் தட்டும் நிற்காது: 'தி ரூம் இன் விச்' சரி, 'இன் தட்' தப்பு. இந்த ஒரு வரி அந்தக் குறிப்புத்தாளில் சரியாகவே இருந்தது.