வீலுக்கு முன்னாடி டயரைப் பாருங்க
ரோட் பைக்கில் அடுத்து எதை மாற்றலாம்னு யோசிக்கிறவங்க பெரும்பாலும் கார்பன் வீலில்தான் கண் வைக்கிறாங்க. முதல்ல டயரை மாத்துங்க. வண்டியோடு வரும் கம்பி பீட் டயர் (ஓரத்தில் இரும்புக் கம்பி வச்சது) பெரும்பாலும் கனமா, விறைப்பா இருக்கும். அதை எடுத்துட்டு நல்ல மடிப்பு டயர் (கம்பிக்குப் பதிலா மடியுற இழை வச்சது) போட்டாலே உருளும் விதம் மாறிடும், வளைவில் பிடிப்பும் கூடும்.

25 மி.மீ. அகல டயரிலிருந்து 28-க்குப் போறதா இருந்தா, டயருக்கும் ஃபிரேம், பிரேக்குக்கும் நடுவில் இருக்கும் இடத்தை அளந்துட்டு வாங்குங்க. அகலமான ரிம்மில் (டயர் உட்காரும் வீல் வளையம்) 28 டயர் 30 மி.மீ. வரைக்கும் விரியும். ஒவ்வொரு பக்கமும் 4 மி.மீ. இடைவெளி இருந்தா நிம்மதி. அகல டயரில் காற்றையும் குறைக்கணும். பழைய அழுத்தத்தையே அடிச்சா மாத்தின பலனே போயிடும்.

அடுத்து, ரிம் பிரேக்னா (ரிம்மையே அழுத்திப் பிடிக்கிற பிரேக்) பிரேக் பேடைக் கவனிங்க. கழற்றி வெளிச்சத்தில் பாருங்க, ரப்பரில் மினுமினுன்னு அலுமினியத் துணுக்கு பதிஞ்சிருக்கும். அதுதான் ரிம்மை அரிக்குது. கார்பன் ரிம்முக்கு அதற்கான பேட் மட்டும்தான்.

ஏற்றம் சிரமமா? கேசட்டை (பின் வீலில் இருக்கும் பல்சக்கர அடுக்கு) 11-28-லிருந்து 11-32 ஆக்கலாம்; அதாவது பெரிய சக்கரத்தில் 28-க்குப் பதிலா 32 பல். ஆனா பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துற பாகம்) 32 பல்லைத் தாங்குமான்னு பார்த்துக்கோங்க. செயினும் நீளமா வேணும். குட்டையா இருந்தா, முன்னாடியும் பின்னாடியும் பெரிய பல்சக்கரத்தில் செயின் ஓடும்போது இழுத்து டீரெய்லரையே முறிச்சிடலாம்.

குரூப்செட் (கியர், பிரேக், செயின் எல்லாம் சேர்ந்த தொகுப்பு)? தேயுற வரைக்கும் விடுங்க.