லோலாவின் நேர்த்திக்கடன்

ஏப்ரல் 30 இரவு. மணிலாவில் கியாபோ தேவாலயத்து வாசலில், கையில் தண்ணீர் பாட்டிலோடு நானும் என் கணவரும் கூட்டத்தில் நின்றிருந்தோம். அங்கிருந்து அந்திபோலோ மலைக்கு நடந்தே போக வேண்டும். ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மே மாதம் அந்திபோலோ மாதாவுக்கு யாத்திரைக் காலம். அது தொடங்கும் முந்தின இரவில் இப்படி நடப்பது வழக்கம். ஆனால் நாங்கள் நடந்தது எங்கள் வேண்டுதலுக்காக அல்ல, லோலாவின் வேண்டுதலுக்காக.

பிலிப்பைன்ஸ்காரர்கள் பாட்டியை லோலா என்பார்கள். என் கணவரின் லோலா 1969இல் நர்ஸ் வேலைக்காகக் கலிபோர்னியா போனவர். 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து எத்தனையோ நர்சுகள் அப்படிப் போனார்கள். லோலா அப்போது கணவரை இழந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மூன்று பிள்ளைகளையும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். கடைசிப் பிள்ளை, என் மாமனார், இரண்டு வயதுக் குழந்தை. கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்திபோலோவுக்குப் போய், "பிள்ளைகள் என்னிடம் வந்து சேர்ந்தால் கியாபோவிலிருந்து நடந்தே வந்து உன்னைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். இதை அவர்கள் பனாத்தா என்கிறார்கள். நாம் சொல்கிற நேர்த்திக்கடன்தான்.

1973இல் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். லோலா ஊருக்குப் போனபோதெல்லாம் அந்திபோலோவுக்கும் போனார். ஆனால் ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில்தான். லீவு போதாது, யாருக்காவது உடம்பு சரியில்லை, அப்புறம் முழங்கால் வலி.

கலிபோர்னியாவின் டேலி சிட்டியில் அவர் வீட்டுக்குள் நான் முதன்முதலில் நுழைந்தபோது, பழக்கத்தில் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். பதறிப்போய் என்னைத் தூக்கிவிட்டார். பிறகு தன் புறங்கையை என் நெற்றியில் ஒற்றினார். பெரியவர்களிடம் அவர்கள் ஆசி வாங்குவது அப்படித்தான். "எங்களிடம் இவ்வளவு குனிய வேண்டாம், அனாக்" என்றார். அனாக் என்றால் பிள்ளை. நான் சைவம் என்று தெரிந்த நாளிலிருந்து காய்கறி மட்டும் போட்ட பான்சித் நூடுல்ஸ் எனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் தனியாக இருக்கும். கூடத்து மூலையில் குழந்தை இயேசுவும் அந்திபோலோ மாதாவும். வேலையிலிருந்த காலத்தில் டிசம்பர் 16 முதல் ஒன்பது நாளும், இரவுப் பணி முடித்துச் சீருடையோடு நேராகப் பூசைக்குப் போவாராம். ஊருக்கு அனுப்பும் பெட்டியை இரண்டு மாதம் நிரப்புவார். சோப்பு, சாக்லேட், டின் இறைச்சி, துண்டுகள். கடைசியாக மேலே ஒரு மாதா படம்.

அவருடைய கடைசிக் கிறிஸ்துமஸுக்குத்தான் என் கணவரிடம் அந்தக் கடனைச் சொன்னார். அடக்கம் பக்கத்து ஊரான கோல்மாவில் நடந்தது. ஒன்பது இரவு ஜெபமாலை சொன்னோம். ஒரு வருடம் கழித்துத் துக்கம் இறக்கும் நாளில் கணவர் என்னிடம் கேட்டார், "ஒருவர் நேர்ந்ததை இன்னொருவர் தீர்க்கலாமா?" எங்கள் அம்மா நேர்ந்ததற்குப் பழனியில் மொட்டை போட்டவன் என் தம்பி. தாராளமாகத் தீர்க்கலாம் என்றேன். பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசாலைப் பெற்றெடுப்பதற்குள் அவர் தாய் மிகவும் சிரமப்பட்டு, அந்திபோலோ மாதாவுக்குத்தான் வேண்டிக்கொண்டாராம். 1868இல் அந்த வேண்டுதலுக்காக ஏழு வயதாகப்போகிற சிறுவனை அங்கே கூட்டிப்போனது அவன் அப்பா.

நடுராத்திரி தாண்டிக் காயிந்தாவைக் கடந்தோம். 1762இல் பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்தபோது மதராஸிலிருந்து வந்த சிப்பாய்களில் சிலர் திரும்பிப் போகாமல், உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட ஊர் அது. டீக்கடை மாதிரி ஒரு கடையில் உட்கார்ந்து கால் நீவிக்கொண்டிருந்தபோது, அவர்களுக்கு யார் என்ன நேர்ந்துகொண்டு மதராஸில் காத்திருந்தார்களோ என்று நினைத்தேன். மனசு கனத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஏற்றம். என் பாதத்தில் கொப்புளம். முன்னால் ஒரு கிழவர் செருப்பில்லாமல் நடந்தார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினேன்.

விடியும்போது அந்தப் பெரிய குவிமாடம் தெரிந்தது. உள்ளே, கரிய மரத்தில் செய்த மாதா. 1626இல் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து கப்பலேறி வந்தவள். அப்புறமும் கப்பல்களுக்குத் துணையாகப் பலமுறை பசிபிக்கைக் கடந்திருக்கிறாள். அமைதிக்கும் நல்ல பயணத்துக்குமான அன்னை என்பது அவள் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது ஒரு கோயில் பணியாளர் சிலையைப் போர்வையில் சுற்றி, பெட்ரோல் பீப்பாயில் வைத்து, சமையலறைத் தரையில் புதைத்துக் காத்தார். "அவளும் என்னை மாதிரி கடல் தாண்டியவள், வீட்டை விட்டு இருக்கிற கஷ்டம் அவளுக்குத் தெரியும்" என்று லோலா சொல்வார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு முழுதாக விளங்கியது.

மாதாவின் அங்கியைத் தொட வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒரு இளம்பெண், கையில் புது பாஸ்போர்ட். புதன்கிழமை துபாய்க்குக் கிளம்புகிறாள், வீட்டு வேலைக்கு. குழந்தை யாரிடம் என்று கணவர் கேட்டார். "அம்மாவிடம்" என்றாள். அவர் ஒன்றும் பேசாமல் ஒதுங்கி, அவளை முன்னால் போகச் சொன்னார்.

அவள் பாஸ்போர்ட்டை அங்கியின் ஓரத்தில் ஒற்றி எடுத்தாள். அதே இடத்தில் அவர் லோலாவின் ஜெபமாலையை ஒற்றினார்.

வெளியே படியோரம் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். ஓலையில் சுற்றி அவித்த சுமான் என்ற அரிசிப் பண்டத்தைப் பிரித்து, மடியிலிருந்த குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டிருந்தார்.