ஆறாம் படியிலிருந்து ஆரோக்கிய அன்னை வரை

வேளாங்கண்ணி நடைபயணம் காவி கட்டுகிற அன்றைக்குத் தொடங்குவதில்லை. மூன்று மாதம் முன்பே, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து நடக்கிற அன்பியக் கூட்டத்தில் அது தொடங்கிவிடுகிறது. ஒரு பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்களில், பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற சின்னக் குழுதான் அன்பியம். அங்கே விவிலியம் வாசித்துச் செபிக்கிற ஏழு படி முறையில் முதல் ஐந்து படியும் எல்லாருக்கும் எளிது. ஆண்டவரை அழைப்பது, வாசகம் படிப்பது, மனதைத் தொட்ட சொல்லைச் சொல்வது, அமைதி, பகிர்வு. ஆறாம் படி வந்ததும் குரல் இறங்கிவிடும். "சரி, இந்த வாரம் இதுக்கு நாம என்ன செய்யப்போறோம்?" என்று கேட்டால் எல்லாரும் பாயைப் பார்ப்பார்கள். அதைத் தாவி முடிவுச் செபத்துக்கும் சுண்டலுக்கும் போய்விடுகிற அன்பியங்களே அதிகம். பங்கு வாழ்வு காய்ந்துபோவது அந்த இடத்தில்தான்.

நடைபயணத்தை ஆறாம் படியில் வைத்துத் தொடங்கினால் கேள்வியே மாறிவிடுகிறது. யார் யார் வருகிறீர்கள் என்பது பிறகு. நம் தெருவில் அன்னைக்கு நேர்ந்துகொண்டும் நடக்க முடியாதவர் யார்? இதுதான் முதல் கேள்வி. படுக்கையில் இருக்கும் அம்மாச்சி, நிறைமாதக்காரி, லீவு கிடைக்காத செக்யூரிட்டி அண்ணன், கோவிலோடு கோபித்துக்கொண்டு நான்கு வருடமாகப் பூசைக்கு வராத குடும்பம். இவர்கள் வீட்டுப் படியை முதலில் ஏற வேண்டும். கோபித்துக்கொண்ட வீட்டில் உபதேசம் வேண்டாம். "மாதாவிடம் என்ன சொல்லணும்?" என்று மட்டும் கேட்டால் போதும். முதல் முறை கதவு திறக்காது. இரண்டாம் முறை தண்ணீர் கொடுப்பார்கள். பெரும்பாலும் மூன்றாம் முறை பேர் கொடுப்பார்கள்.

அந்தப் பேர்களுக்கென்று ஒரு நோட்டு. சாதாரண கோடு போட்ட நோட்டுதான், பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டும். ஜெல் பேனா மை வியர்வையில் கரைந்து ஓடிவிடும். பிளாஸ்டிக் உறை கட்டாயம். கணக்கு இப்படி வரும்: ஒரு நாளைக்கு நான்கு செபமாலை, நான்கு நாள், ஆக 16 செபமாலை. பத்து அருள்நிறைந்த மரியே சேர்ந்தது ஒரு பத்துமணி, ஐந்து பத்துமணி ஒரு செபமாலை. ஆக 80 பத்துமணி. பத்துமணிக்கு ஒரு வீடு என்றால் 80 வீடு. ஏறக்குறைய மூன்று அன்பியம் அடங்கிவிடும். மைக்கில் பேரை மட்டும்தான் சொல்ல வேண்டும். "இன்னாருடைய மகன் குடியை விட" என்று கருத்தையும் சேர்த்து ஒலிபெருக்கியில் வாசித்தால், நல்லெண்ணத்தோடு செய்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அது அவமானம். கருத்தை மடித்து ஒட்டிய சீட்டில் வாங்கி, நோட்டின் பின்னட்டைக்குள் வைத்துவிடலாம். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில், அந்தப் பத்துமணி எந்த ஊரில் சொல்லப்பட்டது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பலன் திரும்பி வந்த பிறகு தெரியும்.

ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது பாவசங்கீர்த்தனத்தை, சொந்தப் பங்கிலேயே முடித்துவிட்டுப் புறப்படுவதே நல்லது. திருவிழா நாள்களில் வேளாங்கண்ணியில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். அதைவிட முக்கியமான காரணம், யாரோடு பகையோ அவர் அங்கே இல்லை, இங்கேதான் இருக்கிறார். நடைக்கு நடுவில் ஞாயிறு வந்தால், வழியில் உள்ள பங்கில் எத்தனை மணித் திருப்பலி என்று முன்பே கேட்டுத் திட்டமிட வேண்டும். நேர்ச்சைக்காக ஞாயிறு பூசையை விட்டால் அன்னை எப்படி ஏற்பாள்?

தஞ்சாவூரிலிருந்து என்றால் சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 22, 23 கிலோமீட்டர் போதும். காலை நாலு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் ஒதுங்கிவிட வேண்டும். மாலை நாலரைக்கு மேல் மறுபடி இரண்டு மூன்று மணி நேரம். நடுப்பகல் தார்ச்சாலையில் யாரும் கால் வைக்கக்கூடாது. தங்கும் பங்கின் தந்தைக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பள்ளி வராந்தா கொடுத்தால், விடியும் முன் பெருக்கிக் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடுத்த வருடம் அந்தக் கதவு திறக்குமா என்பது அந்தத் துடைப்பத்தில் இருக்கிறது.

முன்னால் சிலுவை, பிறகு பிள்ளைகளும் பெரியவர்களும். கடைசியில் ஒளிரும் பட்டை போட்ட இரண்டு பேர். எவ்வளவு மெதுவாக நடப்பவராக இருந்தாலும், அந்த இருவர் அவருக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். சாமான் வண்டி கூட்டத்தின் பின்னாலேயே ஊர்ந்து வரக்கூடாது. நெடுஞ்சாலையில் அது பெரிய ஆபத்து. மூன்று கிலோமீட்டர் முன்னால் போய் ஓரங்கட்டி நிற்கட்டும். 50 பேருக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் கேன் பத்தாவது வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட மோர், இல்லையென்றால் ஓஆர்எஸ் கட்டாயம். மதியத்துக்குப் புளிசாதம் தாங்கும், தயிர்சாதம் தாங்காது.

கால் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். புதுச் செருப்பு ஆகவே ஆகாது. வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்தவர்கள் விடியற்காலையிலும் மாலையிலும் நடக்கட்டும். நேராதவர்கள் அவர்களைப் பார்த்துப் போட்டிக்குச் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. குறுவை அறுப்பு நேரத்தில் ஓரமெல்லாம் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும், அது அவர்களுடைய வருடச் சோறு. கொப்புளம் சின்னதாக இருந்தால் தொட வேண்டாம். நடக்கவிடாமல் வலித்தால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரை மெல்ல அழுத்தி எடுத்து, மேல்தோலை உரிக்காமல் மருந்து போட்டுக் கட்ட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த வைத்தியம் கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். அவர்களுக்குக் காயம் பட்டாலே தெரியாது. அதனால் இரவில் யாராவது ஒருவர் டார்ச் அடித்து அவர்கள் பாதத்தைப் பார்க்க வேண்டும். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கைக் கோவிலில் பார்க்கிறோம். கொரடாச்சேரிப் பக்கம் ஒரு பள்ளி வராந்தாவில், பதினெட்டு வயதுப் பையன் பக்கத்துத் தெருத் தாத்தாவின் காலை மடியில் வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காகத் துடைத்துப் பார்ப்பதுதான் அதன் மறுபாதி.

செபமாலையில் ஒரு சின்னச் சிக்கல் எப்போதும் வரும். பெரியவர்கள் "கர்த்தர் உம்முடனே" என்பார்கள், இளையவர்கள் "ஆண்டவர் உம்முடனே" என்பார்கள். திருத்த வேண்டாம். இரண்டும் ஒரே அம்மாவுக்குத்தான் போகிறது. வழியில் நீர்மோர்ப் பானை வைத்துக் காத்திருப்பவர்களில் பலர் இந்துக் குடும்பத்தார். சிக்கல் முருகன் கோவில் இருப்பதும் இதே சாலையில்தான். கோவில், பள்ளிவாசல், ஆஸ்பத்திரி தாண்டும்போது ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு, அவர்களுக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லலாம்.

வேளாங்கண்ணியில் கொடியேற்றம் ஆகஸ்ட் 29, மாதாவின் பிறந்தநாள் விழா செப்டம்பர் 8. பிள்ளைகளோடு போகிறவர்கள் 7ஆம் தேதி பெரிய தேருக்கு முன்பே தரிசனத்தை முடித்துக்கொள்வது நல்லது. ஊருக்குள் நுழைந்ததுமே ரூம் புரோக்கர்கள் சூழ்ந்துகொள்வார்கள். சொன்ன வாடகை மாடி ஏறுவதற்குள் இரட்டிப்பாகும். மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டுப் பிறகு விலை சொல்பவர்கள், மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டுக் காசு கேட்பவர்கள். நாலு நாள் செபித்து வந்த மனதை நாலு நிமிடத்தில் கலைத்துவிடுவார்கள், வேதனையாக இருக்கிறது. மெழுகுவர்த்தியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு, தங்குமிடத்தைக் கோவில் அலுவலகம் மூலம் முன்பதிவு செய்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். மாதா குளத்துக்கு முழந்தாளில் போகிறவர்கள் காலை ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மணல் தோலை உரித்துவிடும். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கரையில் எத்தனை திருப்பயணிகளை அலை கொண்டுபோனது! அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லாமல் திரும்பக்கூடாது.

பிறகு அந்த வரிசை. முதுகில் மூச்சுப்படும் நெரிசல், குழந்தைகளின் அழுகை, நசுங்கிய மல்லிகை வாசம். பீடத்துக்கு முன்னால் வந்ததும் "நகருங்க, நகருங்க" என்று தொண்டர் தோளைத் தொடுகிறார். கிடைப்பது நாலைந்து விநாடி. 80 பேரை வாசிக்க நேரம் ஏது? நோட்டை வைத்திருப்பவர் அதை நெஞ்சோடு அணைத்து, தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். பட்டுச்சேலை கட்டி, கையில் பாலனோடு நிற்கிறாள் அம்மா. 90 கிலோமீட்டரும் மனப்பாடம் செய்துவந்த வேண்டுதல் ஒன்றுகூட நாக்கில் வராது. அழுகைதான் வரும். தாயே, கானாவூரில் உன் வீட்டுக் கல்யாணமா நடந்தது? அடுத்த வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்ததற்கு நீதானே போய் உன் மகனிடம் சொன்னாய். யாரும் கேட்காமலே சொன்னாய். "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்" என்று வேலைக்காரர்களை அனுப்பியதும் நீதான். அந்த வேலையில் எங்களையும் சேர்த்துக்கொண்டாயே. தண்ணீர் கொடுத்த கைகளுக்காக நன்றி, தூங்கக் கிடைத்த வராந்தாக்களுக்காக நன்றி, மூன்றாம் முறை திறந்த அந்தக் கதவுக்காக நன்றி. மரியே வாழ்க!

வெளியே வந்ததும் புனித எண்ணெயும் மாதா குளத் தண்ணீரும் வீட்டுக்கொன்றாகச் சின்னப் பாட்டில்களில், 80 எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். மூடியை டேப் போட்டு ஒட்டாவிட்டால் பேருந்தில் பாதி கொட்டிவிடும். மிச்சப் பணம் இருந்தால் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையிடம் சேர்ந்துவிட வேண்டும், பிரியாணிக்குப் போகக்கூடாது. பாட்டில்களை அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் வைத்துக் கொடுக்கிற பழக்கம் சில பங்குகளில் இருக்கிறது. அது வேண்டாம். நோட்டோடு வீடு வீடாகப் போவதுதான் முறை. படுக்கையில் இருக்கும் அம்மாச்சிகள் கூட்டம் எப்படி, தேர் எப்படி என்றெல்லாம் கேட்பதில்லை. எண்ணெயை நெற்றியில் வைக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள்.

"எம் பேரைச் சொன்னீங்களாய்யா?"

நோட்டைத் திறந்து காட்டிச் சொல்லலாம்.

"சொன்னோம் அம்மாச்சி. ரெண்டாம் நாள் காலைல, நீடாமங்கலம் தாண்டி, மூணாவது பத்துமணி."